நான் குறை சொன்ன கார்

சொன்ன விலையைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கி வருவது எங்கள் குடும்பத்தில் மானக்கேடு. அம்மா எங்கள் ஊரான சாஆவின் இரவுச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால்கூட முதலில் அதன் நிறத்தைக் குறை சொல்வார், பிறகு காம்பை, பிறகு விற்கிறவரின் தராசை. குறை சொல்லச் சொல்ல விலை இறங்கும் என்பதுதான் எங்கள் வீட்டுப் பொருளாதாரம். (எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் பழக்கதோஷத்தில், "பொண்ணு கொஞ்சம் குட்டையோ?" என்று சொல்லிவிட்டார். மாமனார் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தார். அப்பா கெஞ்சிக் கூத்தாடியதால்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது.) அந்த ரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் உரக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. பெக்கோக்கிலிருந்து லாயாங் லாயாங் வரையுள்ள செம்பனைத் தோட்டங்கள் என் எல்லை. தோட்டம் தோட்டமாக அலைவதற்குக் கம்பெனி ஒரு காரை லீஸில் எடுத்துக் கொடுத்திருந்தது. சாம்பல் நிறம், சாதுவான வண்டி. காலையில் என் மனைவி தனத்தை பெக்கோக் பக்கம் அவள் படித்துக்கொடுக்கும் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே என் வேலைக்குப் போய்விடுவேன். வீட்டில் வேறு கார் கிடையாது.

லீஸ் முடிகிற நேரம் பார்த்து உலகத்தில் கார்ப் பஞ்சம் வந்தது. ஏதோ மின்னணுச் சில்லு கிடைக்கவில்லையாம். என் நண்பர் ஒருவர் புதுக் காருக்கு முன்பணம் கட்டியபோது அவர் மனைவி முழுகாமல் இருந்தார். கார் வீட்டுக்கு வந்தபோது குழந்தை அதை நோக்கித் தத்தித் தத்தி நடந்து போனது. பழைய கார்களின் விலையோ கேட்டால் மயக்கம் வரும்.

எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "புது காடி லீஸுக்குக் கிடைக்காது. வேணும்னா இப்ப ஓட்டுறதயே நீங்க வாங்கிக்குங்க. ஒப்பந்தத்துல அப்பவே வெல போட்டாச்சு. மாசாமாசம் கம்பெனி அலவன்ஸ் குடுக்கும்."

பஞ்சம் வருவதற்கு முன்பே எழுதி வைத்த விலை அது. வெளியே அதே வண்டியின் விலை எங்கேயோ போய்விட்டது. புத்தியுள்ளவன் எவனும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பான். எனக்கோ, எழுதிய விலை என்றால் பேச்சு ஆரம்பிக்கிற இடம்.

"ஏங்க, கம்முனு வாங்கிருங்க" என்றாள் தனம்.

"இன்னும் கொறைக்கலாம் தனம். நீ சும்மா பாத்துக்கிட்டே இரு."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அந்தக் காரை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுவது வழக்கம். அதை நிறுத்தச் சொன்னேன். பழம் ஏற்றிப்போகும் லாரிகளுக்குப் பின்னாலேயே செம்மண் சாலையில் ஓட்டி, வண்டிக்கு நன்றாகப் புழுதி பூசினேன். வீட்டிலும் ஒத்திகை பார்த்தேன். "கியர் சத்தம் போடுது, ஏர்கான் குளிரல" என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டதும் தனத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லா ஓடுற காடிய பத்தித் தப்பா பேசாதீங்க. அதுக்குக் காது இருக்கு" என்று சொல்லி, டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தாள். (பள்ளியில் அவள் எடுப்பது அறிவியல் பாடம்.)

லீஸ் நிறுவனத்திலிருந்து வண்டியைப் பார்க்க ஷாமினி என்ற பெண் ஜொகூர் பாருவிலிருந்து வந்தார். சின்ன வயது, மிகுந்த மரியாதை. கையில் ஒரு டேப்லெட்.

"சர்வீஸெல்லாம் கரெக்டா செஞ்சிருக்கீங்கண்ணே. வண்டி எப்படி இருக்கு?"

"அத ஏம்மா கேக்குறீங்க! கியர் மாத்துனா ஒரு சத்தம். ஏர்கான் சுத்தமா குளிரல."

"அப்படியாண்ணே? எழுதிக்கட்டுமா?"

"தாராளமா எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். அங்கேதான் எனக்குத் தலைகால் புரியாமல் போயிற்று. அம்மா இத்தனை வருடம் குறை சொல்லியிருக்கிறார், ஒரு கத்தரிக்காய்க்காரர்கூட எழுதிக்கொண்டதில்லை. ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறது என்றேன். எழுதினார். பின்கதவு மூட அடம்பிடிக்கிறது என்றேன். அதையும் எழுதினார். கையில் வேறு சரக்கு இல்லாததால், "பிரேக்கும் சில நேரம் பிடிக்கறதில்ல" என்றேன்.

அவர் விரல் நின்றது. "பிரேக் பிடிக்காதா?"

காபியோடு வந்த தனம் கண்ணை உருட்டினாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"எறக்கத்துல வர்றப்ப முருகா முருகான்னுதான் ஓட்டுறேன். அதனால வெலயக் கொஞ்சம் பாத்து..."

"வெல எங்க கையில இல்லண்ணே, போட்டது போட்டதுதான். ஆனா பிரேக் கம்ப்ளெய்ன்ட் இருந்தா உங்களுக்கு விக்கவே கூடாது. அது ரூல்ஸ். வண்டிய வொர்க்ஷாப்புக்கு எடுத்துக்கிட்டுப் போகணும்."

"அலமாக்! பிரேக்க நான் சும்மா சொன்னேம்மா."

"அப்ப கியர்? ஏர்கான்?"

எல்லாமே பொய் என்றால் என் மானம் என்ன ஆவது? பக்கத்து வீட்டுக்காரர் வேறு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வேலியோரம் நின்றிருந்தார். "பிரேக் மட்டுந்தான் சும்மா" என்றேன் கம்மிய குரலில்.

ஷாமினி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "உங்களுக்குக் காடி மேல பாசம், புரியுதுண்ணே. ஆனா அக்காவையும் பாப்பாவையும் ஏத்திக்கிட்டுப் போறீங்கள்ல? உயிர் முக்கியம் லா."

அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மையை அவர் நம்பவில்லை.

மறுநாள் இழுவை லாரி வந்தது. அதன் டிரைவர், வயதான மலாய்க்காரர், காரை லாரியில் ஏற்றுவதற்காகச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பூனைபோல் உறுமியது. "நல்ல வண்டியாச்சே தம்பி" என்று மலாயில் என்னிடம் சொன்னார். தனம் வெளிக்கதவோரம் கைகட்டி நின்றாள். என் மகள் யாழினி மட்டும் லாரி மறைகிற வரைக்கும் கையசைத்தாள்.

சில வாரம் கழித்து நானே ஷாமினிக்குப் போன் போட்டேன். "நல்ல சேதிண்ணே, வண்டியில ஒரு கொறையும் இல்லயாம்! ஆனா உங்க வாய்ப்பு முடிஞ்சிருச்சு. ஏலத்துல போயிருச்சு" என்றார்.

சிகாமட்டில் பழைய கார்க் கடைக்குப் போனேன். ஒரு வண்டியைச் சுற்றி வந்து, "பெயின்ட் கொஞ்சம் வெளுத்து..." என்று ஆரம்பித்ததுமே முதலாளி, "பாஸ், உங்களுக்கு வேணாம்னா பரவால்ல, பின்னால ஆளு நிக்கிறான்" என்று அடுத்தவரிடம் போய்விட்டார். அந்த விலைக்குக் கார் வாங்க எங்களால் முடியவில்லை. என் பழைய மோட்டார் சைக்கிள்தான் மறுபடி வெளியே வந்தது. தனம் புடவைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டி, மாணவர்களின் நோட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருவாள். நனைந்துபோய்ப் பள்ளி வாசலில் இறங்குவாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்தத் தீபாவளிக்குத் தனத்தின் தம்பி குமரன் வந்தான். பெருந்தொற்றால் எல்லை மூடியிருந்த காலம் முழுக்கச் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டு, அப்போதுதான் ஜொகூர் பாருவில் குடியேறி, அங்கிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தான். வாசலில் சாம்பல் நிறக் கார் ஒன்று பளபளவென்று வந்து நின்றது. பின்கண்ணாடியில் யாழினி ஒட்டிய முயல் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"அப்பா! நம்ம காடி!" என்று அவள் ஓடினாள்.

குமரனுக்கு அது காதில் விழவில்லை. "எப்படி மாமா? கேட்ட வெலயக் குடுத்து எடுத்துட்டேன். இந்தப் பக்கம் ஓடுன வண்டிதானாம். பிரேக் பிடிக்கலன்னு எவனோ ஒரு மடையன் திருப்பிக் குடுத்துட்டானாம்!"

"அப்படியா?" என்றேன். தனம் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். முறுக்குத் தட்டு கீழே விழுகிற சத்தமும் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தமும் கேட்டன. அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காக மடையனாக இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையும் குறை சொல்ல முடியாது. சாம்பாரில் உப்பு கம்மி என்று வாயெடுத்தால் போதும், "எழுதிக்கட்டுமாண்ணே?" என்று கேட்டபடியே தனம் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். யாழினி கையெழுத்துக்குப் பேனாவை நீட்டுவாள்.

போன வருடம் குமரன் புதுக் கார் எடுத்தான். "மாமா, பழசை நீங்களே வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டான். ஓட்டிப் பார்த்தேன். தினமும் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நின்று நின்று வண்டி நொந்து போயிருந்தது. கியர் சத்தம் போட்டது. ஏர்கான் குளிரவில்லை. ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. பின்கதவைக்கூட மூன்றாம் தடவைதான் சாத்த முடிந்தது. அன்று நான் ஷாமினியிடம் அளந்தவை ஒவ்வொன்றாக நிஜமாகியிருந்தன.

"எப்படி மாமா இருக்கு?" என்றான் குமரன்.

கைக்கெட்டும் தூரத்தில் இத்தனை நிஜக் குறைகள்! நாக்கு துடித்தது. பின்சீட்டிலிருந்து தனத்தின் குரல் வந்தது.

"சொல்லுங்க. எழுதிக்கட்டுமா?"

"பிரமாதமான வண்டி மச்சான்" என்றேன். கேட்ட விலையைக் கொடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஓர் இறக்கம் வந்தது. முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். சுகமாகப் பிடித்தது. தனம் முன்னால் எட்டி டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தாள்.

"இவரு சொன்னதுல இத மட்டும் நீ காதுல வாங்கிக்கல, நல்ல பிள்ள" என்றாள்.