ஹார்லன் கேட்ட விலை

இந்தக் குளிர்காலத்துக்குள் சக்கரத் தொழிலில் இறங்கிப் பெரிய ஆளாகிவிடுவது என்று தீர்மானித்தேன். முதன்முதலில் சக்கரம் செய்தவன் பெயர் உலகத்துக்குத் தெரியாது. அவன் பெண்டாட்டி அவனை வாய் திறக்க விட்டிருக்க மாட்டாள். எனக்கும் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள். ஆனாலும் துணிந்தேன்.

அறுபத்தொன்பதாம் வருஷத்து மசில் கார்களுக்கு, அதாவது பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால வேகக் கார்களுக்கு, அந்த ஒரே வருஷம் மட்டும் ஐந்து கை வைத்த அலுமினியச் சக்கரம் ஒன்று வந்தது. அப்புறம் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அசல் கண்ணில் படாது. நகல் செய்ய ஆளில்லை. அந்த ஆள் நான்தான் என்று ஒருநாள் முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரிந்துவிட்டது. ஃப்ளின்ட் பக்கத்தில் ஒரு வார்ப்புப் பட்டறைக்காரனிடம் பேசினேன். முப்பது கார்களுக்காவது ஆள் சேர்த்துக்கொண்டு வா, அச்சு எடுக்கிறேன், முன்பணம் மட்டும் நம் இருவரில் யாருக்கும் நெஞ்சுவலி தராமல் வரட்டும் என்றான்.

முன்பணம் என்றால் எங்கள் சேமிப்பு. சேமிப்பு என்றால் என் பெண்டாட்டி ஆர்டித்தின் கையெழுத்து.

ஆர்டித்துக்கும் எனக்கும் ஒரு பழைய எல்லைத் தகராறு உண்டு. எங்கள் கராஜில் ஒரு காருக்குத்தான் இடம். அங்கே அறுபத்தொன்பது மாடல் ஒன்று நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல், சக்கரமில்லாமல், போர்வை போர்த்திக்கொண்டு, ஹீட்டர் காற்றில் சுகமாகத் தூங்குகிறது. ஆர்டித் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற கார் வெளியே பனியில் நிற்கிறது. குளிர்காலம் முழுக்க விடிந்ததும் அவள் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டுவாள். யாரோ பல்லை நறநறவென்று கடிப்பது போல அந்தச் சத்தம் என் படுக்கை வரை வரும். சில நாள் அவள் சுரண்டி முடித்துப் போன பிறகும் அது கேட்கும்.

"அந்தப் பொணத்தை எப்ப வெளியே எடுக்கப் போறே?" என்பாள்.

"அது பொணம் இல்ல, ஆர்டித். சரியான சக்கரம் வர்ற வரைக்கும் அது தரையைத் தொடாது. சக்கரம் இல்லாம எப்படித் தள்றது?"

இதைக் கேட்டதும் சுரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். அதனால் நான் கையெழுத்துக் கேட்டபோது அவள் போட்ட பந்தயத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அக்டோபர் மாதப் பழைய கார் உதிரிபாகச் சந்தையில் முப்பது பேர் கையில் காசு கொடுத்து நகல் சக்கரம் கேட்டால் அவள் கையெழுத்துப் போடுவாள். இல்லாவிட்டால் கராஜ் அவளுடையது. நான் உடனே கை கொடுத்தேன். ஜெயித்தால் நான் முதலாளி. தோற்றால் கராஜ் அவளுடையது, ஆனால் சக்கரமில்லாத காரை யார் நகர்த்துவது? இப்படி இரண்டு பக்கமும் லாபமுள்ள பந்தயத்தை எந்தப் புருஷனும் இதுவரை கட்டியதில்லை என்று அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினேன்.

முதல் வேலையாக எங்கள் கார் சங்கத்தின் இணையப் பக்கத்தில் கேள்வி போட்டேன். இந்தச் சக்கரம் நகல் வந்தால் யாருக்கு வேண்டும்? கை தூக்குங்கள்.

தூக்கினார்கள். எங்கள் ஆட்கள் கை தூக்குவதில் சூரர்கள். பக்கத்து வீட்டு கிளென் வேலி மேல் தலையை நீட்டி, "வெண்டல், என் பேரைப் போட்டுக்கோப்பா, ரெண்டு காருக்கு," என்றான். ஆனால் இந்தச் சங்கத்தில் கை மேலே போகிற வேகத்தில் பைக்குள் போகாது என்பது எனக்குத் தெரியும். அச்செடுக்க ஒரு அசல் வேறு வேண்டும்.

அசல் இருந்த இடமும் எனக்குத் தெரியும். என் சிநேகிதன் ஹார்லன் வசந்தகாலத்தில் காலமானான். அவன் வீட்டு நிலவறையில் இந்தச் சக்கரங்கள் அடுக்கடுக்காக இருந்தன. அவன் மனைவி நெட்டியிடம் போய்த் துக்கம் விசாரித்தேன். விசாரித்த கையோடு, கீழே கிடக்கிற பழைய அலுமினியம் உனக்கு எதற்கு, காயலான் கடைக்காரன் தருவதைவிடப் பத்து டாலர் சேர்த்துத் தருகிறேன் என்றேன். நெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் யோசிக்கக் கூடியவள் என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து தெருவை விழுங்கியிருந்தது. வியாழன்தோறும் மாதா கோயில் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடிப் போர்வை தைப்பார்கள். ஆர்டித் அங்கே போயிருந்தாள். நான் தனியாக உட்கார்ந்து சங்கப் பக்கத்தைத் திறந்தேன்.

ஹார்லன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் சங்கத்தில் யார் செத்தாலும் பெயரை அழிக்க மாட்டோம். அவன் படமும் கார் படமும் அப்படியே இருக்கும். மரியாதைக்காக. ஆனால் பக்கத்துக்கு வராதவன் புள்ளி சாம்பல் நிறத்தில்தான் இருக்க வேண்டும். சவப்பெட்டியின் இடது முன்பக்கக் கைப்பிடியை நானே தூக்கியிருக்கிறேன். அவன் கனமும் தெரியும்.

புள்ளி அணையவில்லை. அதற்குக் கீழே எழுத்து வந்தது.

"வெண்டல், அசல் சக்கரம் நல்ல நிலையில் இருந்தால் இன்றைக்கு என்ன விலை போகும்?"

என் முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டது போலிருந்தது. உயிரோடிருந்த ஹார்லன் ஒரு வரியில் நாலு பிழை விடுவான். இதில் ஒன்றுகூட இல்லை. அங்கே போனால் திருத்தி விடுவார்கள் போலிருக்கிறது. நான் பதில் போடாமல் எல்லா விளக்கையும் போட்டேன். மறுபடி எழுத்து வந்தது.

"இங்கே கீழே ரொம்ப ஈரம். சக்கரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. என்ன செய்யலாம்?"

கணினியின் மேல் ஆர்டித்தின் சமையல் துணியைப் போட்டு மூடினேன். துணிக்குள் பச்சை தெரிந்தது. அவள் வந்து கதவைத் திறக்கும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை பலகாரம் வைத்திருந்தாள். முகத்தில் மூடுபனி ஈரம்.

"ஆர்டித், செத்தவங்க எழுதுவாங்களா?"

"உயிரோட இருந்தப்பவே ஹார்லன் எழுதினதில்லையே. பொறந்தநாள் அட்டைகூட நெட்டிதான் எழுதுவா."

நான் ஹார்லன் பெயரையே சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"இப்ப எழுதறான். அசல் என்ன விலைன்னு கேக்கறான்."

அவள் அந்தப் பலகாரத்தை வெட்டிக்கொண்டே யோசித்தாள். "அப்ப உண்மையைச் சொல்லிடு. உயிரோட இருக்கறவங்ககிட்ட நீ என்ன வேணா அளந்துக்கோ. செத்தவன்கிட்டப் பொய் சொன்னா, அவன் நேர்ல வந்து கேப்பான்."

"நேர்லயா?"

"நான் கேள்விப்பட்டதைச் சொல்றேன். இந்தா, பை சாப்பிடு."

சாப்பிடவில்லை. அடுத்த வியாழக்கிழமை பச்சைப் புள்ளி வந்ததும் உண்மையைத் தட்டினேன். ஒரு காருக்கு நாலு சக்கரம், அசல், பின்புறம் தேதி முத்திரை தெளிவாக இருந்தால் நாலாயிரத்து ஐந்நூறு டாலர். கண்காட்சியில் நடுவர்கள் மண்டியிட்டு அந்தத் தேதியைத்தான் தேடுவார்கள், ஆகவே முத்திரையைத் தேய்த்துவிடாதே. ஈரத்துக்கு உலர்ந்த துணியால் துடைத்துப் போர்வையில் சுற்றி வை. இவ்வளவும் சொன்னேன். நிம்மதியாகப் போய்ச் சேர் என்றும் சொன்னேன்.

போய்ச் சேரவில்லை. டுவைட் வந்தான். டுவைட் போய் மூன்று வருஷம். அவனும் இதே சக்கரப் பைத்தியம். கை தூக்கியவர்களில் யார் நிஜமாகக் காசு வைத்திருப்பவன், யார் வெறும் கை என்று கேட்டான். இறந்தவனுக்கு ஊர் வம்பு எதற்கு என்று நினைத்தேன். ஆனால் நேரில் வந்து கேட்டுவிடுவானோ என்ற பயத்தில் ஒவ்வொருவனையும் பிட்டுப் பிட்டு வைத்தேன். கிளெனைப் பற்றி, பெண்டாட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் பணத்தை எண்ணாமல் கொடுப்பான் என்று எழுதினேன். என் வாழ்நாளில் இவ்வளவு உண்மையை நான் ஒரே மூச்சில் சொன்னதில்லை. சொன்ன பிறகு காய்ச்சல் வந்தது.

சந்தைக்கு முந்தைய வியாழனன்று ஹார்லன் கடைசியாக எழுதினான்.

"உதவிக்கு நன்றி. இங்கே இப்போது மூன்று பேர் சேர்ந்துவிட்டோம். சனிக்கிழமை சந்தையில் பார்ப்போம்."

நான் சந்தைக்குப் போகவில்லை என்றேன். ஆர்டித், போகாவிட்டால் தோற்றதாகத்தான் அர்த்தம், கராஜ் சாவியை வைத்துவிட்டுப் படுத்துக்கொள் என்றாள். தானும் வருவதாகச் சொன்னாள், போர்வை தைக்கும் பெண்களுடன் தனியாக. போனேன்.

பொருட்காட்சித் திடலில் அன்று வந்த மூடுபனியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் மேஜை எனக்குத் தெரிந்தது. பக்கத்து மேஜைக்காரனின் இருமல் மட்டும் கேட்டது. எங்கேயோ பழைய எஞ்சின்கள் உறுமின, எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை. காபி ஆவி எழுந்து பனியோடு சேர்ந்துகொண்டது. "நகல் சக்கரம், முன்பணம் இங்கே" என்று அட்டை எழுதி வைத்துவிட்டு, கைக்குள் ஜெபமாலையை உருட்டினேன்.

ஆட்கள் வந்தார்கள். கை தூக்கியவர்கள் ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். வந்து, என்னைப் பார்த்து ஒரு மாதிரி தலையை அசைத்து, நிற்காமல் நடந்து, வரிசைக் கடைசிப் பக்கம் பனிக்குள் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. கிளென் வந்தான்.

"கிளென், ரெண்டு காருக்குன்னியே."

"கூப்பிட்டிருக்காங்க வெண்டல், போயாகணும்," என்றான். அவன் கண் என் மேல் இல்லை. அவன் காலடி ஓசை கொஞ்சம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

யார் கூப்பிட்டார்கள்? ஹார்லன் என் வாடிக்கையாளர்களை வரிசையாக அந்த உலகத்துக்கு அழைத்துப் போகிறானா? தோற்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கிளெனை நான்தான் காட்டிக் கொடுத்திருக்கிறேன். அவன் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்? மேஜையை விட்டுவிட்டு அவன் போன திசையில் கை நீட்டிக்கொண்டே நடந்தேன்.

வரிசைக் கடைசியில் பனி கொஞ்சம் விலகியது. ஹார்லன் நின்றுகொண்டிருந்தான். அதே ஆரஞ்சு வேட்டைத் தொப்பி. தோளில் அதே சங்கக் கோட்டு. பக்கத்தில் டுவைட்டின் நீலத் தொப்பி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவர்கள் காலடியில் அந்த ஐந்து கைச் சக்கரங்கள் அடுக்கடுக்காக, துடைத்து, தைத்த பூப்போட்ட போர்வைகளின் மேல் மினுங்கின.

அப்படியே ஈரத் தரையில் மண்டியிட்டேன்.

"ஹார்லன், என்னை விட்டுடு. அந்தக் காயலான் கடை விலை சொன்னது தப்புதான்."

"தப்புதான்," என்று நெட்டியின் குரல் சொன்னது. தொப்பி நிமிர்ந்தது. அடியில் நெட்டியின் முகம். "இவரு கோட்டு நல்லா கதகதப்பா இருக்கு, அதான் போட்டுட்டு வந்தேன்."

நீலத் தொப்பிக்குள் டுவைட்டின் மனைவி கோரின். மூன்றாவது தொப்பிக்குள் அவர்களோடு போர்வை தைக்கும் இன்னொரு விதவை. நடுவில் மடக்கு நாற்காலியில், மடியில் பணப்பெட்டியுடன் என் ஆர்டித். கிளென் பெண்டாட்டி பக்கத்தில் இல்லாத தைரியத்தில் எண்ணாமல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அடுத்தவங்க வாங்க," என்றாள் ஆர்டித். அப்புறம் என்னைப் பார்த்தாள். "எழுந்திரு வெண்டல், ஈரம்."

புருஷன்மாரின் கடவுச்சொற்கள் விதவைகளிடம்தான் இருந்தன. கோயில் கீழ்த்தளத்தில் ஒரே கணினியைச் சுற்றி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். முதல் கேள்வியை நெட்டி கேட்டது, நான் சொன்ன விலை நிஜமா என்று பார்க்கத்தானாம். என் பேயறைந்த முகத்தை ஆர்டித் போய்ச் சொன்ன பிறகு, மற்றதையும் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்களாம். காசுள்ளவன் என்று நான் சொன்னவனையெல்லாம் அவர்களே தொலைபேசியில் கூப்பிட்டார்களாம்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள் ஆர்டித். "இந்தச் சக்கரத்துக்கு ஊர்ல ஆசை இருக்குன்னு நீ சொன்னது சரி. உன்னை மாதிரி விசாரிச்சுச் சொல்ல ஆளில்லை."

என் மேஜையில் ஒரு டாலர்கூட விழவில்லை. அசல் கிடைக்கும்போது நகலுக்கு எவன் காசு கொடுப்பான்? பந்தயம் தோற்றேன். ஆனாலும் என் மனசுக்குள் ஒரு மூலையில் தைரியம் இருந்தது. கராஜ் யார் பேரில் இருந்தால் என்ன, என் கார் தாங்கி மேல்தானே இருக்கிறது?

சாயங்காலம் பனி விலகியபோது போர்வை மேல் டயரோடு நாலே நாலு சக்கரம் மிச்சமிருந்தது. ஹார்லன் தன் காருக்கென்று ஆசையாக வைத்திருந்தவை. என்ன விலை என்று ஒருவன் கேட்டான். விற்றாகிவிட்டது, ஆர்டித் வாங்கிவிட்டாள் என்றாள் நெட்டி.

"யாருக்கு?" என்றேன்.

"உனக்குத்தான்," என்றாள் ஆர்டித். "எத்தனை வருஷமா கேட்டுட்டிருக்கே."

நான் சொல்லுகிறேன், கல்யாணத்தன்று கூட நான் அவளை இவ்வளவு நேசித்ததில்லை. இவ்வளவு ஏமாற்றிய புருஷனுக்கு, ஜெயித்த கையோடு, அசல் சக்கரம். திடலிலேயே அவள் தோளில் சாய்ந்து அழுதேன். மூன்று தொப்பிகளும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தன.

மறுநாள் மதியம் பூசை முடிந்து விதவைகளும் வீட்டுக்கு வந்தார்கள், பார்க்க ஆசை என்று. ஒவ்வொரு சக்கரமாக மாட்டினேன். தாங்கியை உருவினேன். பெருமூச்சு விட்டாற்போல ஒரு சத்தத்தோடு என் கார் தரையைத் தொட்டது. நான் எட்ட நின்று பார்த்துப் பூரித்தேன்.

"அழகா இருக்கு," என்றாள் ஆர்டித். "உருளுமா?"

"உருளுமாவா? பேரிங் எல்லாம் நானே கழுவிப் போட்டது. ஒரு விரல் வச்சாப் போதும்," என்றேன்.

ஆர்டித் கராஜ் கதவை மேலே தூக்கினாள். வெளியே முதல் வெண்பனி விழ ஆரம்பித்திருந்தது. அவள் கார் எஞ்சின் சூடாகி, உள்ளே வரத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. என்னை என் கார் ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார்கள், நேராக வெளியே போக வேண்டுமே.

ஒரு விஷயத்தில் நான் துளியும் பொய் சொல்லவில்லை: நெட்டி ஒரு விரலால்தான் தள்ளினாள்.