கிராம்பரின் பனங்கட்டி

உருத்திரபுரத்தில் பல்லைப் பற்றிக் கிராம்பரை விட அதிகம் பேசியவரும் இல்லை, அவரை விட அதிகம் பல்லைப் பறிகொடுத்தவரும் இல்லை. பல் போனால் சொல் போகும் என்பார்கள். இந்த மனிதருக்கு மூன்று பல் மிஞ்சிய பிறகும் சொல் குறையவில்லை.

எங்கள் பக்கத்து வயல்காரர். பல்வலிக்கு வாயின் ஒரு பக்கக் கொடுப்பில் எந்நேரமும் கிராம்பு. பெயர் வந்தது அதனால்தான். மறு கொடுப்பில் பனங்கட்டி. வரம்பில் குந்தி, வெறும் தேத்தண்ணியில் ஒரு மிடறு, கட்டியில் ஒரு கடி என்று விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஓட்டுவார்.

பேத்திக்கு ஒரு பல்லும் சொத்தையாக விடமாட்டேன் என்று சபதம் வேறு. வீட்டில் சீனிக்குத் தடை. ஐஸ்கிறீம் ஓட்டோ பாட்டோடு வந்தால் மண்வெட்டியோடு துரத்துவார். பிள்ளை அழுதால் மட்டும் மடியிலிருந்து ஒரு துண்டுப் பனங்கட்டியை எடுத்து அவள் வாயில் வைப்பார்.

“அண்ணை, அதுவும் இனிப்புத்தானே?” என்பேன்.

“விசர்க்கதை கதையாதை! சீனி மெசினில வாறது. இது பனையில வாறது. மருந்தடா!”

சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. நாலு வயதில் பேத்தியின் முன்பற்கள் கறுத்தன. ஒரு காலை கன்னம் வீங்கி வீரிட்டாள். உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு பல் கிளினிக்குக்கு ஓடினோம்.

டொக்டர் இளம்பெண். பொறுமையாகச் சொன்னார்.

“ஐயா, எவ்வளவு இனிப்பு எண்டதை விட எத்தினை தரம் எண்டதுதான் முக்கியம். ஒவ்வொரு தரமும் வாயில இருக்கிற கிருமி அதைத் திண்டு புளிப்பாக்கும். அந்தப் புளிப்புத்தான் பல்லை அரிக்கிறது. எச்சில் அதைக் கழுவ நேரம் வேணும். பனங்கட்டியும் சீனியும் பல்லுக்கு ஒண்டுதான். ரெண்டு பல்லுப் பிடுங்கவேணும்.”

கிராம்பர் தானே கதிரையில் ஏறி வாயைத் திறந்தார்.

“என்ரையைப் பிடுங்குங்கோ பிள்ளை. அவளின்ரையை விடுங்கோ.”

“உங்களிட்டைப் பிடுங்க என்ன ஐயா இருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

இப்போது அவர் மடியில் கட்டி இல்லை. படுக்குமுன் பேத்திக்குப் பல் தீட்டிவிடுவது அவர் வேலை. “பால்பல்தானே அண்ணை, திரும்ப முளைக்கும்” என்று தேற்றினால், “முளைக்கிறதையும் நான் கெடுத்துப்போடுவன்” என்கிறார்.

வரம்பில் குந்தி வெறும் தேத்தண்ணியை முகம் சுளித்து விழுங்குகிறார். என் பற்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நானும் தேத்தண்ணியோடு கட்டி கடிப்பதை விட்டுவிட்டேன். அந்த மனிதரைத் தனியாகக் கசப்பைக் குடிக்க விட மனம் வரவில்லை.