இஞ்ஞாசியின் தொண்டையும் முத்துக் காப்பு அலுவலகமும்

உலகத்தில் எத்தனையோ வியாதிகளை டாக்டர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வியாதியை டாக்டர் கையில் சிக்கவிடாமல் காப்பாற்றி, கோப்பில் போட்டு, முத்திரை வைத்துப் பாதுகாத்த பெருமை தூத்துக்குடி முத்துக் காப்பு அலுவலகம் ஒன்றையே சேரும். நான் அங்கே இரண்டாவது குமாஸ்தா. தற்பெருமை என்று யாரும் நினைக்கக் கூடாது.

எங்கள் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1928இல். அதற்குப் பிறகு குளிக்கிற அளவுக்குச் சிப்பி விளையவில்லை. இப்போது 1949. வெள்ளைக்காரன்கூடப் போய்விட்டான், நாங்கள் போகவில்லை. முத்து இல்லாதபோதுதான் அதை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும் என்பது எங்கள் அதிகாரி வீரபாகு அவர்களின் கொள்கை. ஆறு பேர் காத்தோம்.

அந்த மாசியில்தான் இஞ்ஞாசி வந்தார். சங்கு குளிக்கிறவர். எடுத்த சங்குகளை எங்கள் கொட்டகையில் ஒப்படைத்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கினார். அவ்வளவுதான். ஒரு கை தொண்டைக்கும் ஒரு கை காதுக்கும் போயிற்று. கண் பிதுங்க அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். அலுவலக நேரத்தில் அவர் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"முழுங்கிட்டான், வே. முத்த முழுங்கிட்டான்."

"ஐயா, நான் தண்ணியத்தான்..." என்றார் இஞ்ஞாசி. பேசியதும் வலி இன்னொரு தடவை வெட்டியது. வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தீரா, வாயத் தொறக்க மாட்டேங்கான். வெளிய வந்துரும்னு பயம்."

முத்தை விழுங்கியவனுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துக் காவல் வைக்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று உண்டு. அதைத் தேடி எடுத்தோம். கமிட்டி கூடி, இஞ்ஞாசியை அலுவலகத்திலேயே காவலில் வைத்தது. பச்சை பிடித்துக் கிடந்த பித்தளைச் சல்லடையைப் புளி போட்டுத் துலக்கிப் பின்கட்டில் வைத்தோம். அலுவலகத்துக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது.

எச்சில் விழுங்கவே முடியாத மனுசன் எண்ணெயை எப்படி விழுங்குவார்? துப்பினார். 'ஒத்துழைக்க மறுப்பு' என்று நான் எழுதினேன். கையெழுத்து நன்றாகவே அமைந்தது.

மூன்று நாள் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது, அவர் மனைவி கிளாடிஸ் துணியில் நனைத்துப் பிழிந்த சொட்டுத் தண்ணீர்தான். நான்காம் நாள் அவள் டாக்டர் ஜெபசீலனைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் பஞ்சில் ஏதோ மருந்தைத் தொட்டு இஞ்ஞாசியின் உள்தொண்டையில் தடவினார். சற்றுப் பொறுத்து, "இப்போ குடிங்க" என்றார். கிளாடிஸ் கொண்டுவந்த கஞ்சி முழுவதும் இறங்கிற்று.

"சூட்டுக் கம்பியக் காது வர இழுத்த மாதிரி இருந்து, டாக்டரய்யா. இப்ப ஒண்ணுமே இல்ல," என்றார் இஞ்ஞாசி. கிளாடிஸ் அழுதுவிட்டாள்.

"இது நரம்பு வலி, சார்," என்றார் டாக்டர் எங்கள் அதிகாரியிடம். "விழுங்கினா, பேசினா, கொட்டாவி விட்டாக்கூட வெட்டும். லட்சத்துல ஒருத்தருக்கு வரும். இந்த மரப்பு ஒரு மணி நேரம்தான் நிக்கும். வேலூர்ல அந்த நரம்பையே அறுத்து விடுதாங்க. இந்த வாரமே போகணும். இன்னும் பட்டினி கிடந்தா ஆளு தாங்க மாட்டாரு."

"தாராளமாப் போகட்டும். முத்த வச்சிட்டுப் போகட்டும்."

"கடல்லயே இருபத்தோரு வருசமா முத்து இல்லையே, சார்."

"அதனாலதான் இது ரெம்ப விலை ஒசந்தது."

டாக்டர் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு மணி நேரம் தீர்ந்தது. இஞ்ஞாசி துடித்துப்போய்ச் சுவரில் தலையை முட்டினார். கிளாடிஸ் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் சல்லடை இருந்தது. சல்லடையில் ஒரு முத்து உருண்டது.

"வந்துட்டுய்யா. எடுத்துக்கிடுங்க. நாங்க ரயிலுக்குப் போணும்."

முத்தில் துளை இருந்தது. துளைக்குள் தங்கக் கம்பி இருந்தது. அதன் ஜோடி அவளுடைய இடது காதில் ஆடிக்கொண்டிருந்தது. அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, 'உடலின் உட்சூட்டால் ஏற்பட்ட இயற்கைத் துளை' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். கம்பியைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

சுதந்திர இந்தியாவில் எங்கள் கடலின் முதல் முத்து என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. வேலைப்பளு கூடிவிட்டதாகச் சொல்லி ஏழாவது ஆளும் வந்தார். மக்ரூனும் டீயுமாக விருந்து வைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து இஞ்ஞாசி வந்தார். காதுக்குப் பின்னால் தழும்பு. உடம்பில் கொஞ்சம் சதை. கிளாடிஸின் கம்மல் முத்தைத் திருப்பிக் கேட்டார்.

"அது சர்க்கார் முத்து. திருப்பிக் கொடுக்க விதி கிடையாது," என்றார் அதிகாரி.

இஞ்ஞாசி மேசையில் இருந்த செம்பை எடுத்து மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, துறைமுகம் வரைக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"எனக்கு ஒரு மடக்குத் தண்ணிக்கே உயிர் போற வலி. இருபத்தோரு வருசமா இல்லாத முத்தக் காத்துச் சம்பளம் முழுங்குதியளே, ஒங்கள்ல ஒருத்தருக்குக்கூடத் தொண்டை வலிக்கலியா?"

ஏழு பேரும் எச்சில் விழுங்கிப் பார்த்தோம். யாருக்கும் வலிக்கவில்லை.