ஐஸ் போட்டு அனுப்பிய கொம்பியூட்டர்

கொம்பியூட்டரைக் கீழே போட்டு உடைத்தவர்கள் இருப்பார்கள். அதன்மேல் தேத்தண்ணீரைக் கொட்டியவர்களும் இருப்பார்கள். நண்டுப் பெட்டிகளோடு சேர்த்து, ஐஸ் போட்டு, லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். (பெருமையில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.)

புத்தளம் பக்கம் பள்ளிவாசல்துறையில் என் வாப்பாவின் தம்பிக்கு, அதாவது சாச்சாவுக்கு, ஒரு நண்டு வாடி இருக்கிறது. களப்பிலிருந்து படகுகள் கொண்டுவரும் நண்டை அங்கே நிறுத்து, அவித்து, சதை எடுத்து, பெட்டியில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கிருந்து அது கப்பலேறும். சதை எடுப்பதற்கு மட்டும் நாற்பது பெண்கள் வருவார்கள். நான் ஒரு வருட டிப்ளோமா முடித்துவிட்டு வந்ததும் சாச்சா என்னை வாடியின் கொம்பியூட்டருக்குப் பொறுப்பாக்கினார். பதவிக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. ஆகவே நானே 'சிஸ்டம் மெனேஜர்' என்று கதவில் எழுதி ஒட்டிக்கொண்டேன்.

எந்த நண்டு எந்தப் படகில் வந்தது, எத்தனை மணிக்கு, யார் சதை எடுத்தது, எந்தப் பெட்டியில் போனது என்பதெல்லாம் அந்த ஒரே கொம்பியூட்டரில்தான் இருந்தது. அது என் அறையில் இருந்தது. அறைக்கு ஏசி. பாஸ்வேர்ட் என் மண்டைக்குள். நண்டு நிறுக்கும் ரஹீமா ராத்தா விடிய ஆறு மணிக்கே தராசடியில் நின்று, நிறுத்ததையும் யார் சதை எடுத்து எந்தப் பெட்டியில் அடைத்தது என்பதையும் துண்டுக் கடதாசியில் எழுதி வைப்பார். ஒன்பது மணிக்கு நான் சுழல் கதிரையில் வந்து உட்கார்ந்து, ஈரம் பட்டு ஊறிப்போன அந்தத் துண்டுகளைப் பார்த்துப் பதிவேன். பதிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவேன். அலுவலகம் என்றால் துப்புரவாக இருக்கவேண்டாமா?

அந்த நேரம்தான் கொழும்பிலிருந்து ஒரு கம்பனிப் பிள்ளை வந்து, எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு மாற்றலாம் என்று சாச்சாவுக்கு விளக்கினாள். தராசடியில் நின்றே போனில் பதியலாம். சாச்சா உம்ராவுக்குப் போனால் மக்காவிலிருந்தே பார்க்கலாம். கரண்ட் போனாலும் மெஷின் செத்தாலும் பதிவு வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். சாச்சா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் போனிலேயே பார்த்துக்கொண்டால் நான் எதற்கு, என் கதிரை எதற்கு?

"அதெல்லாம் சரிவராது சாச்சா. நெட் போனா எல்லாம் போச்சு. நம்மட சாமான் நம்மட கையில இருக்கணும்" என்றேன், டிப்ளோமாக்காரனின் குரலில்.

அவளோ மூன்று மாதத்துக்கு இலவசமாகப் பாவித்துப் பார்க்கச் சொல்லி, பழைய பதிவுகளையும் அன்றே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மறுத்தால் சாச்சா சந்தேகப்படுவார். அதனால் ரஹீமா ராத்தாவின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து, "ராத்தா, அது தேவையில்ல. நிப்பாட்டுங்க" என்றேன். "ஓம் தம்பி" என்றார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். நண்டு வாங்கும் வெளிநாட்டுக் கம்பனியிலிருந்து ஓர் அம்மணி வியாழக்கிழமை சோதனைக்கு வருவதாகச் செய்தி வந்தது. ஏதாவதொரு பெட்டியின் இலக்கத்தைச் சொல்லி, அந்த நண்டு எந்தப் படகில் வந்தது என்று கேட்பார். பதில் சொல்ல முடியாவிட்டால் எங்கள் நண்டை அவர்கள் இனித் தொடமாட்டார்கள். வாங்குவது அவர்கள் மட்டும்தான், ஆகவே வாடியை மூடவேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை கொம்பியூட்டர் எழும்பவில்லை. உப்புக்காற்று உள்ளுக்குள் போய்த் துருப்பிடித்துவிட்டது என்றும், கொழும்பில் ஒரு கடையில் கொடுத்தால் பதிவுகளை எடுத்துத் தருவார்கள் என்றும் புத்தளத்துக் கடைக்காரர் சொன்னார். பகல் நண்டு லொறி கொழும்புக்குப் போகிறது. அதிலேயே அனுப்பிவிடலாம் என்று முடிவெடுத்தேன். குலுங்காமல் போகவேண்டுமே என்று, கொம்பியூட்டரைக் கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, நண்டு அடைக்கும் ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, மூடியைப் போட்டு, கொழும்புக் கடையின் நம்பரை எழுதி, மற்றப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு லுஹர் தொழப் போனேன்.

லொறி போய்விட்டது. மறுநாள் காலை கொழும்புக் கடைக்காரர் போன் எடுத்தார்.

"தம்பி, சாமான் வந்து சேர்ந்தது. நல்ல ஃப்ரெஷ்ஷா இருக்கு."

"விளங்கல்ல, சேர்."

"பெட்டி நிறைய ஐஸ். அரைவாசி உருகி மெஷினுக்குள்ள போயிருக்கு. டிஸ்க்குக்குள்ளயும் தண்ணி. காயவைச்சுப் பார்க்கலாம், ஆனா நம்பிக்கை வைக்காதீங்க. ஒரு நண்டுக்காலும் கிடக்கு. அதையும் அனுப்பவா?"

நான் ஓடிப்போய்ப் பெட்டி ஏற்றும் சபீர் நானாவைப் பிடித்தேன்.

"நானா, அந்தப் பெட்டிக்கு ஏன் ஐஸ் போட்டீங்க?"

"தொட்டுப் பார்த்தேன், பெட்டி குளிரல்ல. போட்டேன்."

"உள்ள என்ன இருக்கெண்டு பார்க்கல்லையா?"

அவர் சுவரைக் காட்டினார். அங்கே கொட்டை எழுத்தில் ஓர் அறிவித்தல்: 'ஐஸ் இல்லாமல் எந்தப் பெட்டியும் வெளியேறக் கூடாது. பொலித்தீனால் சுற்றிய எதையும் பிரிக்கக் கூடாது. – சிஸ்டம் மெனேஜர்.'

(எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதையாவது சொல்லலாம்.)

அடுத்த அரை மணித்தியாலம் நான் செய்ததெல்லாம் வெட்கக்கேடு. குப்பை வாளியைக் கவிழ்த்து, கிழித்துப் போட்ட துண்டுகளைத் தேடினேன். திங்கட்கிழமைத் துண்டு ஒன்றில் பாதிதான் கிடைத்தது. ஊரைவிட்டு வண்ணாத்திவில்லுப் பக்கம் போய்க் கச்சான் கடலை பயிர் செய்யலாமா என்றுகூட யோசித்தேன். சதை எடுக்கும் மேசையில் பெண்கள் வழமைபோலக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபோது சிரிப்பும் பகடியும் என்னைவிட்டுப் போய்விட்டன. என் கதிரைக்காக நாற்பது வீட்டு அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சாச்சாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. "யா அல்லாஹ்" என்று தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏசியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

தராசடியில் நின்ற ரஹீமா ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எந்தப் பெட்டி வேணும்?" என்று கேட்டுப் போனை நீட்டினார்.

உள்ளே எல்லாம் இருந்தது. இரண்டு மாதத்துப் பதிவும், அன்று காலை ஆறு இருபதுக்கு வந்த படகு வரைக்கும், ஒரு நாள்கூடத் தவறாமல். கம்பனிப் பிள்ளை ஏற்றிய பழையதும் இருந்தது. கம்பனிப் பிள்ளை அன்று போட்டுக் கொடுத்ததைச் சாச்சா தன் போனிலும் திறந்து பார்த்தார். அதிலும் இருந்தது.

"நான் நிப்பாட்டச் சொன்னேனே, ராத்தா?"

"சொன்னீங்க. நானும் ஓமெண்டேன். நிப்பாட்டல்ல" என்றார். பிறகு சாச்சாவைப் பார்த்துச் சொன்னார்: "தொண்ணூறுல யாழ்ப்பாணத்துல எங்கட வாப்பாட கடைக் கொப்பி, காணி உறுதி, என்ட பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாம் ஒரே அலுமாரிக்குள்ளதான் இருந்த. புலிகள் முஸ்லிம்கள் எல்லாரையும் ரெண்டு மணித்தியாலத்துல வெளியேறச் சொன்னாங்க. அதுக்குப் பிறகு நான் ஒண்டையும் ஒரே இடத்துல வைக்கிறல்ல."

நான் பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிய சுகத்தில், வெட்கமில்லாமல் அழுதேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சாச்சா மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லும்போது என்னை முறைத்தார்.

வியாழக்கிழமை அம்மணி வந்தார். ஒரு பெட்டியின் இலக்கத்தைச் சொன்னார். ரஹீமா ராத்தா போனைத் தட்டிப் படகையும் நேரத்தையும் சதை எடுத்த பெண்ணையும் காட்டினார். இன்னும் ஐந்து பெட்டிகளுக்கும் அப்படியே. அம்மணிக்கு ஒரே சந்தோஷம். போகும்போது மூலையில் நின்ற என்னைக் காட்டி, இவர் இங்கே என்ன செய்கிறார் என்று கேட்டார்.

சாச்சா யோசிக்கவே இல்லை. "ஐஸ்" என்றார். அம்மணி அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதமே வாடி முழுவதும் கிளவுட்டுக்குப் போனது. ஏசி அறையில் இப்போது பெண்கள் சாப்பிடுகிறார்கள். எனக்கு வேலை போகவில்லை. பதிவுகளைப் பார்த்து எந்தப் பக்கம் எப்போது நண்டு கூடுதலாகப் படுகிறது என்று சொல்வதுதான் இப்போது என் வேலை. சுழல் கதிரை ரஹீமா ராத்தாவுக்குப் போய்விட்டது. அவர் அதில் இருப்பதில்லை, இடுப்பு நோகிறதாம்.

போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி, வெள்ளைத் துணியால் இறுகச் சுற்றிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் கையை நீட்டினேன். சாச்சா பாய்ந்து குறுக்கே நின்றார்.

"மிஸ், அவன்ட கையில மட்டும் குடுத்துராதீங்க. சுத்திக் கட்டின சாமானக் கண்டா ஐஸ் போட்டு லொறியில ஏத்திருவான்."

கட்டிலில் கிடந்த என் மனைவி தையல் நோக நோகச் சிரித்தாள். பிள்ளையை முதலில் வாங்கியது ரஹீமா ராத்தா.