பார்ட்னர் சாரும் மதுரை நாடகக்காரியும்

இந்த ஜன்மத்தில் என்னை அதிகம் அதிரவைத்த மனிதர் பார்ட்னர் சார்தான். புயல்கூட பாம்பனில் கூண்டு ஏற்றிவிட்டுத்தான் வரும். அவர் விஷயத்தில் எந்த முன்னறிவிப்பும் கிடையாது.

இராமநாதபுரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் அப்போது நான் ஆபீஸ் வேலை பார்த்தேன். கரையோரத்தில் கடல்புல் நடும் திட்டம் ஒன்றில் எங்களோடு கூட்டுச் சேர வெளிநாட்டுக்காரர்கள் முன்வந்தார்கள். அவர்களிடம் மீனவப் பெண்களே இங்கிலீஷில் பேச வேண்டுமென்று மேலிடம் முடிவுசெய்து, கற்றுக்கொடுக்க இவரை அனுப்பியது. ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர், டுடோரியலில் பாடம் நடத்தி ஓய்ந்தவர். டீக்கடையில்கூட "லெட் அஸ் ஜாயின்ட்லி எக்ஸ்ப்ளோர் எ டீ, பார்ட்னர்" என்பார். கடைக்காரர் பயந்துபோய் டீயை வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, விவகாரம் பெரிது. புல் நடும் இடத்தைச் சுற்றி மிதவை கட்டி மூடப் போகிறார்கள். இராமேஸ்வரம் தீவில் ஒரு ஊர்ப் பெண்கள் காலங்காலமாகக் கடல்பாசி எடுக்கிற இடம் அது. மூடினால் அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடும். அதை அவர்கள் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். பேன்ட் போட்ட என்னைப் பார்த்தாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறவர்கள்!

முதல் வகுப்புக்கு சார் கம்பளிக் கோட்டும் டையுமாக வந்தார். சித்திரை வெயிலில்! முகத்தில் அரை டப்பா பவுடர். மாதா கோவில் பக்கத்து மண்டபத்தில் நின்று, தான் வெள்ளைக்காரன் என்று அறிவித்தார்.

"உங்க கடல மண்ணப் போட்டு மூடி, மேல கார் நிப்பாட்டப் போறேன். ஓகேவா?"

"ஓகே சார்" என்றார்கள் அத்தனை பேரும்.

சார் அப்படியே தரையில் விழுந்தார். மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து ஓடினேன். படுத்தபடியே, "தலையாட்டுறதுக்குப் பேரு பார்ட்னரா? சரிக்குச் சரியா நிக்கணும் தாயி!" என்று கத்தினார்.

அதிலிருந்து வாராவாரம் ஒத்திகை. டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர் என்று கையில் கிடைத்தவருக்கெல்லாம் பவுடர் அப்பி வெள்ளைக்காரனாக்கிக் கூட்டிவந்தார். பெண்களுக்குக் குளிர் விட்டுப்போயிற்று. அவர்களில் ஒருவரான ஆரோக்கியம் அக்கா கேட்ட கேள்வியில் கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே வெளியேறினார்.

பிறகு நிஜமான வெள்ளைக்கார அம்மாள் வந்தார். வேனில் நான்தான் கூட்டிப்போனேன். மண்டபத்தில் ஒருத்தி முகத்திலும் பயம் இல்லை.

அம்மாள் வரைபடத்தை விரித்ததும் ஆரோக்கியம் அக்கா இடுப்பில் கைவைத்து எழுந்தார். "மேடம், ஒன் மினிட். வித் ரெஸ்பெக்ட், நோ! திஸ் சீ, அவர் கிச்சன். யூ லாக் அவர் கிச்சன், அவர் சில்ரன் வாட் ஈட்? பார்ட்னர் மீன்ஸ், ஃபர்ஸ்ட் ஆஸ்க், தென் டிரா!" சொன்னதோடு விடவில்லை. அம்மாளின் பேனாவையே பிடுங்கி, மிதவைக் கோட்டைத் தள்ளி வரைந்தார். பாசி எங்கே, புல் எங்கே என்று மற்ற பெண்களும் எழுந்து விரல் வைத்துக் காட்டினார்கள். நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அம்மாள் முகம் சிவந்து, அக்கா வரைந்த கோட்டின்மேல் விரலை ஓட்டிவிட்டு, அந்த இடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆரோக்கியம் அக்கா பாராட்டுகிற முகத்தோடு கிட்டே போய், அம்மாளின் கன்னத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார்.

"நல்லா நடிச்ச தாயி! மதுரைல எந்த நாடகக் கம்பெனி?"

முந்தானையைப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"ஏடி செல்வராணி... பவுடர் ஒட்டலடி!"

"மதுரைல இருந்து ஒரு நாடகக்காரியக் கூட்டியாரேன்னுல்ல சார் சொன்னாரு!" என்று அக்கா தூணோடு சாய்ந்துவிட்டார். அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இது எங்கள் ஊர் வரவேற்பு முறை என்று எப்படியோ உளறிவைத்தேன். உடனே அம்மாள் கைக்குட்டையை எடுத்து, ஒருத்தி விடாமல் எல்லார் கன்னத்தையும் பக்தியோடு துடைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு கடலில் இறங்கினார். கடைசியில் மிதவைகள் ஆரோக்கியம் அக்கா போட்ட கோட்டில்தான் கட்டப்பட்டன.

பார்ட்னர் சாரை மட்டும் காணவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடும் கோபத்தில் தேடிப்போனேன். மண்டபத்துக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மறைவில், கோட்டோடு குந்தியிருந்தார். தொப்பலாக வியர்வை.

"அந்தம்மா போயிருச்சா?"

"ஏன் சார் இப்படிப் பொய் சொன்னீங்க? உள்ள வந்து நீங்களே பேசிருக்கலாம்ல?"

"ஏலே, நான் வெள்ளக்காரங்ககிட்ட பேசுனதே இல்லலே. ஒருதரம் ரயில்ல ஒருத்தன் மணி கேட்டான். வாட்சக் கழட்டி அவன் கையில குடுத்துட்டு அடுத்த பெட்டிக்கு ஓடிட்டேன்." டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நெசமான ஆளுன்னு தெரிஞ்சா இதுகளும் என்னய மாதிரி ஓடிருமுல்ல? பொழப்பு போயிருமேப்பா."

வைத்திருந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கோட்டைக் கழற்றவைத்து, அந்த நனைந்த முதுகை என் துண்டால் துடைத்துவிட்டேன். என் சொந்த அய்யாவுக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை.