மூன்றும் பலித்தவர்களின் மாநாடு

மெயில் ஞானிக்குக் கூட்டமென்றால் கூட்டம், அப்படியொரு கூட்டம்! மண்டபத்தில் நாற்காலிக்கு அடிதடி. கையைப் பார்த்துப் பலன் சொல்லும் ஆசாமிகளெல்லாம் பழைய சரக்கு. இவர் வாராவாரம் மெயிலிலேயே அருள்வாக்கு அனுப்புவார்.

சனிக்கிழமை மழை வரும் என்றார். கொட்டியது. தங்கம் விலை இறங்கும் என்றார். இறங்கியது. மேம்பாலத் திறப்பு தள்ளிப்போகும் என்றார். போனது. மூன்றும் பலித்தவர்களுக்குத்தான் இன்று தரிசன அழைப்பு. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

முன்வரிசையில் தையற்கார அக்கா. கண்ணில் புரை முற்றி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் தவிக்கிறாள். இனியும் தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞானியோ, "கத்தி படக் கூடாது, என் ஒளித்தைலம் போதும்" என்று மெயில் அனுப்பினார். அக்கா யாரை நம்பினாள்? கேட்கவும் வேண்டுமா! நாளைய ஆபரேஷனை வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

துணைக்கு வந்த தங்கைக்குச் செருப்புக் கம்பெனியில் விளம்பர மெயில் அனுப்பும் வேலை.

"அக்கா, பூட்ஸ் வாங்கினவங்களை வடிகட்டி அவங்களுக்கு ஒரு மெயில், மத்தவங்களுக்கு வேற மெயில்னு நான் அனுப்புறேன்ல? இவரும் அதைத்தான் பண்றாரு. நான் ரெண்டு பொய்ப் பேர்ல சேர்ந்து பார்த்தேன். ஒண்ணுக்கு மழை வரும்னாரு, இன்னொண்ணுக்கு வராதுன்னாரு. தப்பாப் போன பேருக்கு அப்புறம் மெயிலே வரல."

"வாயை மூடுடி! அந்தப் பேருக்கு நேரம் சரியில்ல."

ஞானி மேடையேறினார். "என் வாக்குப் பொய்த்தவர் இந்த மண்டபத்தில் ஒருவராவது உண்டா?"

ஒருவருமில்லை. கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. எப்படி இருப்பார்கள்? பொய்த்தவர்களுக்குத்தான் அழைப்பே போகவில்லையே!

தங்கை எழுந்தாள். "ஐயா, இன்னிக்கு ராத்திரி இறுதிப் போட்டியில யாரு ஜெயிப்பாங்கன்னு காலையில மெயில் அனுப்பினீங்களே, எல்லாரும் ஒண்ணாச் சத்தமா வாசிக்கட்டும். உங்க பெருமை ஊருக்கே கேக்கட்டும்!"

ஞானிக்கு வியர்த்தது. மெயில் தானாகப் போகும்படி முன்பே ஏற்பாடு. மண்டபத்துக்கு வருபவர்களை மட்டும் அதிலிருந்து வடிகட்டி விலக்க மறந்துவிட்டார், பாவம்.

"வேண்டாம், மனதுக்குள்..." என்பதற்குள் கூட்டம் போனை எடுத்துவிட்டது.

"சிவப்புச் சட்டை அணி!" என்றது பாதி மண்டபம்.

"நீலச் சட்டை அணி!" என்றது மீதி.

"என்னங்க, உங்களுக்கு நீலமா? எனக்குச் சிவப்பால்ல வந்திருக்கு!" என்று ஓர் அம்மாள் கணவரின் போனைப் பிடுங்கினாள்.

"இரண்டும் சத்தியமே! ஆட்டம் டிராவில் முடியும்!" என்றார் ஞானி.

"இறுதிப் போட்டிய்யா! யாராவது ஒருத்தர் ஜெயிச்சே ஆகணும்!" என்று பின்வரிசை கத்தியது.

"ஒவ்வொரு வாரமும் பாதிப் பேருக்கு இப்படி, பாதிப் பேருக்கு அப்படி," என்றாள் தங்கை. "தப்பானவங்களைக் கழிச்சுட்டாரு. வடிகட்டி மிஞ்சினவங்கதான் இங்க உக்காந்திருக்கோம்."

அதற்குள் ஞானி பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டியிருந்தார். அவருக்குச் சத்தியமாகத் தெரிந்த ஒரே எதிர்காலம் அடிதான்!

அக்கா தைலப் புட்டியைக் காலடியில் வைத்தாள். போனைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். "டாக்டர் நம்பரை நீயே போடுடி. எனக்கு எழுத்தே தெரியல. நாளைக்கே பண்ணுவாரான்னு கேளு."

வாசலில் ஒரு பெரியவர் தங்கையை மறித்தார். "அது கிடக்கட்டும்மா. இப்ப நிஜமா எந்த அணி ஜெயிக்கும்?"

கண்ணில் படர்ந்த புரையை டாக்டர் எடுத்துவிடுவார். புத்தியில் படர்ந்ததை அவரவரேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்!