கைமாற்றாக ஒரு கஷ்டம்

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, மகள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் முதுகுவலியும் அத்தானின் முன்கோபமும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். ஒரு குறையும் இல்லாததுதான் இப்போது எங்களுக்குப் பெரிய குறையாகிவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறாள். மதிப்பெண் நிறைய இருக்கிறது, ஆனால் அது போதாதாம். வாழ்க்கையில் பட்ட கஷ்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம், படிக்கிறவர் மனம் இளகினால்தான் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பிள்ளை நான்கு நாளாகப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெற்ற பெண் கஷ்டம் தெரியாமல் வளர வேண்டும் என்று பதினேழு வருஷம் பாடுபட்டேன் அக்கா, அதுவே அவள் படிப்பில் மண்ணைப் போட்டுவிடும் போலிருக்கிறது.

எனக்குத் தெரிந்த யோசனையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "சின்ன வயசுலயே அப்பா போயிட்டார்னு எழுதேன்மா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றேன். "கடைசிப் பக்கத்துல அப்பா கையெழுத்து கேட்டிருக்காங்கப்பா" என்றாள். "கையெழுத்தைப் போட்டுட்டு அப்புறமா போங்க" என்றாள் வீட்டுக்காரி.

மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி உடைந்து நம் மெத்தைக் கடை முழுக்க நனைந்ததே, அதை எழுதலாமா என்று மகள் கேட்டாள். அதில் என்ன கஷ்டம்? வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடைக்குப் பின்னால் சரக்கு அறைக்கே குடிவந்துவிட்டோம், விற்க முடியாமல் போன மெத்தைகளை ஆளுக்கு நான்கு போட்டுப் படுக்கிறோம், எந்தப் பணக்காரன் வீட்டில் இப்படி உண்டு? விளக்கு ஒன்றுதான், அதுவும் கூரைக்குப் பக்கத்தில். ஆனால் பத்து மெத்தையை அடுக்கி உச்சியில் உட்கார்ந்தால் வெளிச்சம் நேராகப் புத்தகத்தில் விழும், அங்கேயிருந்துதான் அவள் பரீட்சைக்குப் படித்தாள், இரண்டு தடவை உருண்டு விழுந்தாள், விழுந்ததும் மெத்தையில்தான். நான் பரணிலிருந்து விழுந்தபோதுதான் கீழே மெத்தை இல்லை. கால் மூன்று மாதம் மாவுக்கட்டில் கிடந்தது. அந்த மூன்று மாதமும் அவளே காலையில் கடையைத் திறந்து, நான் படுத்தபடி கத்தக் கத்த, கோணி ஊசியால் மெத்தை ஓரம் தைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். விரலெல்லாம் பொத்தல். "எழுத முடியுதாம்மா?" என்று கேட்டால், "இடது கையிலதாம்பா குத்துது" என்று சிரிப்பாள். இப்படிச் சிரிக்கிற பிள்ளைக்குக் கஷ்டம் என்று எதை எழுதுவது? அவள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன், அது வேறு விஷயம்.

ஆகையால் அக்கா, கஷ்டம் என்றால் நம் குடும்பத்தில் நீங்கள்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்திக்கு முன்னால் நான்கு பேரை அழவைத்துவிடுவீர்கள். உங்களிடம் உள்ளதில் ஒன்றைக் கைமாற்றாகக் கொடுங்கள். பித்தப்பைக் கல் வேண்டாம், பதினேழு வயசுக்குப் பொருந்தாது. அத்தான் ஆறு மாதம் உங்களோடு பேசாமல் இருந்தாரே, அதைக் கொஞ்சம் மாற்றி, அப்பா பேசவில்லை என்று எழுதிக்கொள்ளலாமே என்றால், "நீங்க ஆறு நிமிஷம் பேசாம இருந்தீங்கன்னாலே எவனும் நம்ப மாட்டான்" என்கிறாள் வீட்டுக்காரி. எதுவானாலும் வியாழக்கிழமைக்குள் வந்து சேரும்படி அனுப்புங்கள். காரியம் முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, அத்தானுக்கு அவர் அன்றைக்கு இருக்கிற மனநிலைக்குத் தக்கது.

இப்படிக்கு,
ஒரு குறையும் இல்லாத
உங்கள் தம்பி

பின்குறிப்பு: கஷ்டம் எதுவும் அனுப்ப வேண்டாம். தபாலில் போடச் சொல்லி இந்தக் கடிதத்தை மகளிடம் கொடுத்தேன். படித்தவள் மெத்தை உச்சியில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கி வந்து, "எங்கப்பா என் அத்தைக்கு எழுதியது" என்று மேலே ஒரு வரி சேர்த்து, இதையே கல்லூரிக்கு அனுப்பிவிட்டாள். உங்களுக்கு வந்திருப்பது நகல். "இதுல கஷ்டமே இல்லையேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "அதுக்காகத்தாம்பா அனுப்பினேன்" என்று சொல்லிச் சிரித்தாள். இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவள் அவள். உங்கள் பித்தப்பைக் கல்லும் அதோடு போய்விட்டது, மன்னிக்கவும். கல்லூரியிலிருந்து யாராவது தொலைபேசியில் விசாரித்தால், அத்தானை இன்னும் ஒரே ஒரு தடவை பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.